டிரெட்ஸ் சேவை: பட்டறைக்காரர் கணக்கில் ஒரு மதிப்பீடு

சிறு தொழில் நடத்துபவருக்கு ஆலோசனை சொல்லப் போனால், லாப நட்டக் கணக்குக்கு முன்பே வரவேண்டிய பாக்கிப் பட்டியலைத்தான் கேட்டு வாங்குவேன். ஆர்டர் கை நிறைய இருந்தும் சம்பள நாளில் திணறும் பட்டறைகளுக்கு, வரவேண்டிய பில்லைக் கெடுவுக்கு முன்பே பணமாக்கித் தரும் டிரெட்ஸ் என்ற இணையத் தளங்கள் (ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு 2017 முதல் இயங்குபவை) உதவுகின்றனவா என்றால், உதவுகின்றன. ஆனால் அது வாங்குபவரைப் பொறுத்தது.

சரக்கு அனுப்பியவர் பில்லைத் தளத்தில் ஏற்ற, வாங்கிய நிறுவனம் அதை ஒப்புக்கொண்டதும், வங்கிகளும் என்பிஎஃப்சி எனப்படும் வங்கியல்லாத நிதி நிறுவனங்களும் வட்டி விகிதம் சொல்லி ஏலம் கேட்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஓரிரு வேலை நாளில் பணம் வந்துவிடும். அடமானம் கிடையாது, கெடு நாளில் வாங்கியவர் கட்டத் தவறினாலும் விற்றவரிடம் யாரும் திரும்பி வர முடியாது. பெயர் தெரியாத லேத் பட்டறைக்கும் பெரிய நிறுவனத்தின் தரத்துக்குரிய வட்டி கிடைப்பதுதான் இதன் உண்மையான பலம். 10 லட்ச ரூபாய் பில்லுக்கு 60 நாளுக்கு, ஆண்டு வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கழிவது சுமார் 14,800 ரூபாய். ரொக்கம் கொடுத்தால் இரும்பு வியாபாரி அதே அளவு சரக்குக்கு 2 சதவீதம் குறைப்பார் என்றால் 20,000 மிச்சம். குறைக்கமாட்டார் என்றால், கையில் அவசரம் இல்லாதவரை அந்த பில்லை ஏற்றாமல் விடுவதே மேல்.

சிக்கல் ஒப்புதலில் இருக்கிறது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் 2025 மார்ச் 31-க்குள் பதிவு செய்ய வேண்டும் என்று அரசு அறிவித்தது. ஆனால் பதிவு செய்த நிறுவனம் ஒவ்வொரு பில்லையும் உடனே ஏற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. "ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்ததற்கான பதிவுச் சீட்டு) இன்னும் போடவில்லை" என்ற ஒரே பதிலில் பில் திரையிலேயே கிடக்கும். ஆகவே, சரக்கு இறங்கி எத்தனை நாளில் ஒப்புதல், வட்டி யார் தலையில் என்ற இரண்டையும் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்க வேண்டும். ஆர்டர் போய்விடுமோ என்று தயங்குபவர்கள் பர்ச்சேஸ் மேலாளரை விட்டு நிதிப் பிரிவிடம் பேசிப் பார்க்கலாம். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாள் வரம்பைத் தாண்டி நிலுவை வைத்தால், பணம் கட்டும்வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது என்ற வரி விதியின் கவலை நிதிப் பிரிவினருக்குத்தான் அதிகம்.

ஆர்எக்ஸ்ஐஎல், எம்ஒன்எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் ஆகிய டிரெட்ஸ் தளங்களில் எது சிறந்தது என்று அலச வேண்டியதில்லை. உங்கள் முக்கிய வாடிக்கையாளர் எதில் பில்களை ஏற்கிறாரோ அதுவே உங்களுக்கானது. சிறு தொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழிலும் பான், ஜிஎஸ்டி ஆவணங்களிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று முன்பே பார்த்துவிட்டால் பதிவில் அலைச்சல் குறையும். சில்லறைக் கடைகளுக்குக் கடனுக்கு விற்பவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை. இரண்டு மூன்று பெரிய நிறுவனங்களை நம்பியே ஓடும் உதிரிபாகத் தயாரிப்பாளருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.