லேபல் இல்லாத நீல மருந்தும் 'ஆர்ஓ' தண்ணீரும்: கடல் மீன் வளர்ப்பவர்கள் கவனம்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் 200 லீற்றர் கடல் மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. மூன்று மாதமாக அதில் பச்சை முடிப்பாசி. முதலில் பாறை நுனியில் பஞ்சுபோல ஒரு திட்டு, அப்புறம் பாறையே தெரியவில்லை. நான் ஏமாந்ததை வெளியில் சொல்ல வெட்கம்தான். ஆனால் நான் தண்ணீர் வாங்கிய அதே கடையில் தண்ணீர் எடுக்கும் இன்னும் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

உப்புக் கரைக்கவும் ஆவியாகிக் குறைவதை நிரப்பவும் கிழமைக்கு இரண்டு கேன் 'ஆர்ஓ' தண்ணீர், அதாவது நுண்ணிய சவ்வு வழியாக வடித்துக் கரைந்ததை நீக்கிய தண்ணீர், அங்கேதான் வாங்கினேன். பாசி வந்ததும் தொட்டித் தண்ணீரைக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் பொஸ்பேட் சோதித்தார். பூச்சியம். "பாத்தீங்களா தம்பி, தண்ணியில பிழை இல்ல, நீங்க சாப்பாடு கூடப் போடுறீங்க" என்றார். நம்பிவிட்டேன். பொஸ்பேட்டைத் தின்றுதான் பாசி கொழுக்கிறது, அதனால்தான் தண்ணீரில் மிச்சமில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. தொட்டி முழுக்கப் பாசி இருக்கும்போது வரும் பூச்சியத்தை நம்பாதீர்கள்.

அடுத்து, பாசிக்கென்று அவர் தந்தது லேபல் இல்லாத போத்தலில் நீல நிற மருந்து. 4,500 ரூபாய். இறாலுக்கும் நத்தைக்கும் ஒன்றும் ஆகாதா என்று இரண்டு தடவை கேட்டேன். ஆகாதாம். இரவு ஊற்றினேன். விடிய எழும்பிப் பார்த்தால் கிளீனர் இறால் இரண்டும் சரிந்து கிடக்கின்றன, டர்போ நத்தைகள் கண்ணாடியை விட்டு மணலில் விழுந்திருக்கின்றன. போய்க் கேட்டபோதுதான் "அதில செம்பு கொஞ்சம் இருக்கு" என்று வாயைத் திறந்தார். செம்பு, ஒட்டுண்ணி பிடித்த மீனைத் தனித் தொட்டியில் வைத்துக் கொடுக்கிற மருந்து. இறால், நத்தை, பவளம் எல்லாவற்றுக்கும் அது நஞ்சு. செத்த பாசி அழுகி அமோனியா ஏறியதில் ஒரு கிளவுன் மீனும் போயிற்று.

அதற்குப் பிறகுதான் ஒரு டிடிஎஸ் மீற்றர் வாங்கினேன். தண்ணீரில் மொத்தமாக எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அது எண்ணாகக் காட்டும். வீட்டுக் குழாய்த் தண்ணீர் 46. கடைக் கேன் 44! ஆர்ஓ வடிகட்டியின் சவ்வு (மெம்பிரேன்) செத்திருக்கலாம், குழாயைத் திறந்து அப்படியே நிரப்பியும் இருக்கலாம். எப்படியோ, காசு வாங்கியது ஆர்ஓவுக்கு. கேட்டால், "ஐம்பதுக்குக் கீழ எண்டா நல்ல தண்ணிதானே" என்கிறார். குடிக்க நல்லதுதான். கொழும்புக்குப் பெரும்பாலும் களனி ஆற்றுத் தண்ணீர் வருகிறது. அது இயல்பிலேயே கரைந்த தாது குறைந்த மென்னீர் என்பதால் குழாயே சின்ன எண்ணைக் காட்டும். அந்தச் சின்ன எண்தான் இவர்களுக்கு வசதி. ஆர்ஓவும் அதன் பின், மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் டிஐ பிசினும் கடந்த தண்ணீர் 0 காட்ட வேண்டும். கரைந்திருப்பதில் பொஸ்பேட் எவ்வளவு என்று மீற்றர் பிரித்துச் சொல்லாது, ஆனால் கள்ளத்தைப் பிடிக்க அது போதும்.

இப்போது வேறிடத்தில், என் மீற்றரை வைத்துப் பார்த்த பிறகே காசு கொடுக்கிறேன். பாசியைக் கையால் பிடுங்கி, மிச்சத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கிறேன். விளக்கு 10 மணித்தியாலத்திலிருந்து 6 ஆகிவிட்டது. பாறை உறிஞ்சி வைத்த பொஸ்பேட் இன்னும் கசிவதால் பாதிதான் குறைந்திருக்கிறது. அதே பாறையிலும் மணலிலும் செம்பும் ஏறியிருக்கும், ஆகவே இறால் வாங்கத் துணிவில்லை.

காசைத் திருப்பிக் கேட்டேன். இன்னொரு போத்தல் நீல மருந்து சும்மா தருகிறேன் என்றார்.