ப்ளூரே அலமாரியும் புதிய இசையும்: ஒரு ரசிகரின் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

சிறு ரசிகர் கூட்டம் விடாமல் கொண்டாடும் கல்ட் படங்கள் மீதும், பழைய தொலைக்காட்சித் தொடர்கள் மீதும், வாரந்தோறும் வெளியாகும் புதிய இசை மீதும் ஒரே அளவு பித்துக் கொண்டவர்களுக்கு இன்று வழிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஓடிடி தளங்களும் இசைச் செயலிகளும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். ஆனாலும் பல ஆண்டுகளாக என் ரசனைக்கு அடித்தளமாக இருப்பவை ஒரு ப்ளூரே பிளேயரும், ஓர் அலமாரி நிறைய டிஸ்க்குகளும், தரம் குறையாத கோப்புகளாக இறக்கி வைத்திருக்கும் பாடல்களும்தான். இந்த ஏற்பாட்டோடு நெடுங்காலம் பழகியதில் எது பயன் தந்தது, எது பொறுமையைச் சோதித்தது என்பதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கல்ட் படம் என்று நாம் அழைப்பவற்றில் பெரும்பாலானவை முதல் வெளியீட்டில் தோற்றவை, அல்லது எந்தப் பெரிய திரையரங்கும் ஏற்றுக்கொள்ளாதவை. நியூயார்க்கின் எல்ஜின் திரையரங்கு 1970 டிசம்பரில் ‘எல் டோப்போ’ படத்தை நள்ளிரவுக் காட்சியாக ஓட்டத் தொடங்கியபோது, பெரிய விளம்பரம் ஏதுமின்றி, பெரும்பாலும் வாய்மொழியாகவே கூட்டம் சேர்ந்தது. 1975-இல் வெளியாகி வசூலில் சறுக்கிய ‘தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’, அடுத்த ஆண்டு அதே நகரில் நள்ளிரவுக் காட்சிகளாகத் தொடங்கி, இன்றுவரை எங்கேனும் திரையிடப்பட்டுக்கொண்டே இருக்கிறது. இப்படி ரசிகர்களின் பிடிவாதத்தால் பிழைத்த படங்களுக்கு ஒரு பொதுவான விதி உண்டு: வெட்டப்பட்டும், ஒட்டப்பட்டும், மறுபடி தொகுக்கப்பட்டும் அவை பல வடிவங்களில் உலவுகின்றன. ஆகவே ஒரு படம் கிடைக்கிறதா என்பதைவிட, அதன் எந்தப் பதிப்பு கிடைக்கிறது என்பதே ரசிகருக்கு முக்கியமாகிறது. டிஸ்க் எனக்கு இன்றியமையாததாகிப்போனதும் இந்த ஒரு காரணத்தால்தான்.

‘பிளேட் ரன்னர்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1982-இல் அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடிய பதிப்பில் நாயகனின் பின்னணிக் குரல் இருந்தது, இனிப்பான முடிவும் இருந்தது. 1992 பதிப்பில் இரண்டும் நீக்கப்பட்டன. 2007-இல் இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் முழுக் கட்டுப்பாட்டில் இறுதிப் பதிப்பு வந்தது. அதே ஆண்டு வெளியான டிஸ்க் தொகுப்பில், சோதனைத் திரையிடலுக்காகத் தயாரித்த பிரதி உட்பட ஐந்து பதிப்புகள் இடம்பெற்றன. அவற்றை அடுத்தடுத்துப் பார்க்கும்போது, ஒரே காட்சி பின்னணிக் குரலோடு வரும்போது விளக்கமாகவும், குரல் இல்லாமல் வரும்போது புதிராகவும் மாறுவதை நேரடியாக உணர முடிகிறது. ஓடிடி தளத்தில் பொதுவாக ஏதேனும் ஒரு பதிப்புதான் இருக்கும். அதுவும் எந்தப் பதிப்பு என்று பல நேரங்களில் குறிப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இதைவிட ஆழமாக என்னைத் தொட்டது ‘மெட்ரோபோலிஸ்’. 1927-இல் பெர்லினில் முதலில் திரையிடப்பட்ட பின் இந்தப் படம் கடுமையாக வெட்டப்பட்டது; நீக்கப்பட்ட பகுதிகள் நிரந்தரமாகத் தொலைந்துவிட்டன என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2008-இல் பியூனஸ் அயர்ஸில் உள்ள திரைப்பட அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ முழுமையான 16 மி.மீ. பிரதி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்து சேர்க்கப்பட்ட சுமார் 25 நிமிடக் காட்சிகளை 2010 பதிப்பில் யாரும் எளிதில் அடையாளம் காணலாம். தெளிவாக ஓடிக்கொண்டிருக்கும் படம் திடீரென்று செங்குத்துக் கீறல்களால் நிறையும், 16 மி.மீ. பிரதி எடுத்தபோது சட்டகத்தின் ஒரு பகுதி இழக்கப்பட்டதால் ஓரத்தில் கருப்புப் பட்டை தோன்றும். அந்தக் கீறல்கள் வரும் ஒவ்வொரு முறையும், பல பத்தாண்டுகள் யாருமே பார்த்திராத ஒரு துண்டைப் பார்க்கிறோம் என்ற எண்ணம் எனக்குச் சிலிர்ப்பூட்டுகிறது.

‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தின் கதை வேறு வகை. 1968-இல் கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றியபோது, தலைப்பு அட்டையில் இருந்த காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் நகலெடுத்து வெளியிட்டார்கள். இன்றும் இணையத்தில் எங்கு தேடினாலும் அந்தப் படம் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் நகலின் நகலாக, முகங்கள் வெளிறி, நிழல்கள் கரிக்கட்டியாக இறுகிய நிலையில் கிடைக்கும். மூல நெகட்டிவிலிருந்து மீட்டெடுத்த பதிப்பை டிஸ்க்கில் பார்த்தபோது, பண்ணை வீட்டின் சுவரில் விழும் நிழல்களுக்குள்ளும் பல படிநிலைகள் இருப்பதைக் கண்டேன். இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ வெளிச்சத்தை எவ்வளவு கவனத்தோடு கையாண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது.

படத்தரம் பற்றிப் பேசும்போது ஃபிலிம் துகள்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய படச்சுருளில் இயல்பாகவே இருக்கும் நுண்ணிய துகள்கள் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருப்பவை என்பதால், அவற்றைச் சுருக்கி அனுப்புவது ஸ்ட்ரீமிங்குக்குக் கடினம். ப்ளூரேயில் காட்சிக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு; ஓடிடி தளங்கள் அதே தெளிவுத்திறனில் அனுப்பும் அளவு அதில் சிறு பங்குதான். இதன் விளைவு இருண்ட காட்சிகளில் நன்றாகவே தெரியும்: இரவு வானம் சீராக மங்காமல் படிக்கட்டு போலப் பட்டைகளாகப் பிரியும், துகள்கள் கட்டங்களாகத் திரளும். 1977-இல் வந்த ‘இரேசர்ஹெட்’ போல, கருப்பின் பல்வேறு அடர்த்திகளைக் கொண்டே கட்டப்பட்ட படத்தை அப்படிப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதே வேளை, டிஸ்க் என்றாலே தரம் உறுதி என்றும் சொல்லிவிட முடியாது. துகள்களை ‘அழுக்கு’ என்று எண்ணி மென்பொருளால் துடைத்தெடுத்து, நடிகர்களின் முகங்களை மெழுகுப் பொம்மைகளாக்கிய டிஸ்க்குகளும் என் அலமாரியில் உண்டு.

படம் ஓடும்போதே அதைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டு வரும், டிஸ்க்குகளில் உள்ள விளக்கவுரை ஒலித்தடங்கள் எனக்குத் திரைப்படக் கல்வியாகவே அமைந்தன. 1984-இல் டிவிடிக்கு முந்தைய வடிவமான லேசர் டிஸ்க்கில் வந்த ‘கிங் காங்’ படத்துக்குத் திரைப்பட வரலாற்றாளர் ரொனால்ட் ஹேவர் பேசியதே இந்த வகையின் தொடக்கம். ஓடிடி தளங்கள் இவற்றை அரிதாகவே தருகின்றன.

தொலைக்காட்சித் தொடர்களுக்கு வரும்போது பதிப்புச் சிக்கல் இன்னும் கூடுகிறது. முன்பெல்லாம் ஒரு தொடரில் பயன்படுத்திய பாடல்களுக்கு ஒளிபரப்பு உரிமை மட்டுமே வாங்கினார்கள். பின்னால் வீடியோ வெளியீடு வரும் என்று யாரும் கணக்கிடவில்லை. 1997 முதல் 2002 வரை ஒளிபரப்பான ‘டாரியா’ என்ற அனிமேஷன் தொடர், அந்தந்த வாரத்துப் புதுப் பாடல்களால் நிறைந்திருந்தது. 2010-இல் டிவிடி வந்தபோது அவற்றில் பெரும்பாலானவை நீக்கப்பட்டு, பொதுவான பின்னணி இசை இட்டு நிரப்பப்பட்டிருந்தது. கதை அப்படியே இருந்தாலும் அந்தக் காலத்தின் வாசனை போய்விட்டது. இதற்கு நேர்மாறாக, 18 எபிசோடுகளோடு நின்றுபோன ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ தொடர், அசல் பாடல்கள் அனைத்துக்கும் உரிமை பெற்ற பிறகே, தாமதமாக 2004-இல் டிவிடியாக வந்தது. அந்தத் தாமதம் முழுக்க முழுக்க நியாயமானது என்பதே என் கருத்து.

படத்தின் அளவை மாற்றுவதும் இதே போன்ற சேதத்தை உண்டாக்குகிறது. ‘பஃபி தி வேம்பயர் ஸ்லேயர்’ தொடரைப் பிற்காலத்தில் உயர் தெளிவுக்கு மாற்றியவர்கள், பழைய தொலைக்காட்சித் திரைக்கேற்ற 4:3 அளவில் எடுத்ததை அகலத்திரைக்காக விரித்தபோது, சட்டகத்துக்கு வெளியே இருக்க வேண்டிய படப்பிடிப்புக் குழுவினரும் கருவிகளும் சில காட்சிகளில் தலைகாட்டினார்கள். இரவாக நிறம் மாற்றப்பட்டிருந்த காட்சிகள் சில பட்டப்பகலாயின. முதல் சீசன்களின் பழைய டிவிடியில் தெளிவு குறைவுதான், ஆனால் அங்கே இரவு இரவாக இருக்கிறது. நான் இன்றும் அந்த டிவிடியைத்தான் போடுகிறேன்.

ரசிகர்களின் சேமிப்பு ஒரு தொடரைக் காப்பாற்றிய வரலாறு என்றால் ‘டாக்டர் ஹூ’வைத்தான் சொல்ல வேண்டும். 1960-களில் ஒளிபரப்பான பல எபிசோடுகளின் நாடாக்களை பிபிசி அழித்துவிட்டது. ஆனால் அந்நாளில் தொலைக்காட்சியிலிருந்து வரும் ஒலியை வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிவுசெய்த ரசிகர்களால், தொலைந்த எபிசோடுகள் அனைத்தின் ஒலியும் இன்று நம்மிடம் இருக்கிறது. அந்த ஒலிக்கு அனிமேஷன் காட்சிகளைச் சேர்த்து, 2016-இல் ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ கதையை வெளியிட்டார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் பொறுமையோடு பிடித்துவைத்த ஒலியைக் கேட்கும்போது, சேமித்து வைக்கும் பழக்கத்தின் மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

இனி குறைகள். பிளேயர் டிஸ்க்கைப் படித்து முகப்புத் திரையைக் காட்டுவதற்குள் பொறுமை கரைந்துவிடும். சில டிஸ்க்குகளில் முன்னோட்டங்களைத் தாண்டவும் முடியாது. ஜாவா என்ற நிரல்மொழியில் முகப்பு அமைக்கப்பட்ட டிஸ்க்குகளில் நிறுத்திய இடத்தைப் பிளேயர் பெரும்பாலும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பது தொடர் பார்ப்பவர்களுக்குப் பெருந்தொல்லை. ஒரு டிஸ்க் எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்று கட்டுப்படுத்தும் மண்டலக் குறியீடும் அப்படியே: ப்ளூரே உலகை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறது, அபூர்வமான கல்ட் படமோ எப்போதும் நம் பிளேயர் படிக்காத மண்டலத்தில்தான் வெளியாகும். 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை என்பது பெரிய நிம்மதி. ஐரோப்பா உள்ளிட்ட பல இடங்களின் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறை டிவிடிகளில் வேறொரு குறை உண்டு. நொடிக்கு 24 சட்டகங்களில் எடுத்த படத்தை 25 ஆக ஓட்டுவதால், படம் நான்கு சதவீதம் விரைந்து ஓடும். சரிசெய்யாமல் விட்டால் குரலும் இசையும் ஏறத்தாழ அரைச் சுருதி ஏறிவிடும். பின்னணி இசையைத் தனியாகக் கேட்டுப் பழகிய காதுக்கு அது உடனே உறுத்தும்.

புதிய இசையைப் பொறுத்தவரை என் அனுபவம் முற்றிலும் வேறு. தேடிக் கண்டடைவதற்கு இசைச் செயலிகளை மிஞ்ச எதுவும் இல்லை. அதை மனமாரச் சொல்கிறேன். ஆயினும் எனக்குப் பிடித்த புதுக் கலைஞர்களில் பலரிடம் என்னைக் கொண்டுசேர்த்தவை கல்ட் படங்களும் தொடர்களுமே. 2017-இல் 18 பகுதிகளாகத் திரும்பி வந்த ‘ட்வின் பீக்ஸ்’ தொடர், பெரும்பாலான பகுதிகளை ரோட்ஹவுஸ் மதுக்கூட மேடையில் ஓர் இசைக்குழு பாடுவதோடு முடித்தது. இரண்டாம் பகுதியில் குரோமேடிக்ஸ் குழு பாடியபோது கிடைத்த ஈர்ப்பில் அவர்களின் இசைத்தொகுப்புகளைத் தேடிப்போனேன். அங்கிருந்து மின்னணுக் கருவியான சின்தசைசர் இசையின் பெரிய உலகமே திறந்தது. அந்த உலகத்தின் முன்னோடிகளில் ஒருவரும் திரைப்பட இயக்குநருமான ஜான் கார்பென்டர், 1978-இல் ‘ஹாலோவீன்’ படத்துக்கு 5/4 தாளத்தில் அமைத்த பியானோ இசை, ஐந்தாவது அடியில் தடுக்கிவிழுவது போல நம்மை நிலைகுலைய வைக்கும். அவரே 2015-இல், எந்தப் படத்தோடும் தொடர்பில்லாத தன் முதல் இசைத்தொகுப்பான ‘லாஸ்ட் தீம்ஸ்’ஸை வெளியிட்டார். படமில்லாமலே காட்சிகளை எழுப்பும் அந்த இசையை நான் எத்தனை பேருக்குப் பரிந்துரைத்தாலும் எனக்கு அலுக்காது.

செயலியில் கேட்டு மனதில் தங்கிவிட்ட தொகுப்பை நான் பெரும்பாலும் பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்குகிறேன். 2008-இல் தொடங்கிய இந்தத் தளத்தில் பணத்தின் பெரும்பங்கு கலைஞருக்கே போகிறது. 2020 மார்ச் முதல் குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. முழுத்தரமுள்ள ஃபிளாக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம் என்பதுதான் எனக்கு முதன்மையான ஈர்ப்பு. செயலியின் பட்டியலிலிருந்து பாடல்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறைவதும், பழைய தொகுப்பின் இடத்தில் ஒலியளவை இறுக்கி ஏற்றிய மறுபதிப்பு வந்து உட்கார்வதும் வழக்கமாகிவிட்டன. இறக்கி வைத்த கோப்புக்கு அந்தக் கதி இல்லை. ஒரே கவனம், இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளில் நகல் வைத்திருப்பது. கலைஞர் பெயர், ஆண்டு, பதிப்பு ஆகிய விவரங்களை இறக்கிய அன்றே கோப்பில் நிரப்பிவிடுவதும் பின்னால் பெரிதும் உதவுகிறது.

டிஸ்க்குகளின் ஆயுள் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. சிடியில் தரவு அடுக்கு லேபிளுக்குச் சற்றுக் கீழேயே இருப்பதால், அடிப்பக்கக் கீறலைவிட மேற்பக்கக் கீறல்தான் ஆபத்தானது. ப்ளூரேயில் அந்த அடுக்கு படிக்கும் பக்கத்திலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது, அதனால் கடினமான மேற்பூச்சு இடுகிறார்கள். துடைக்க நேர்ந்தால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி அடுக்கி வைத்தவற்றில் பெரும்பாலானவை இன்றும் தடையின்றி ஓடுகின்றன. தயாரிப்புக் குறையால் அடுக்குகளுக்கிடையே மங்கல் படர்ந்து படிக்காமல்போன டிவிடிகளும் சில உண்டு. அவை எல்லாம் ஒரே காலகட்டத்தில் வாங்கியவை என்பதால், அந்தக் காலத்துப் பிற டிஸ்க்குகளையும் அவ்வப்போது ஓட்டிப் பார்த்துவிடுகிறேன்.

புதிதாகத் தொடங்குவோருக்கு என் பரிந்துரை இதுதான்: முதலில் எல்லா மண்டலங்களையும் படிக்கும் பிளேயரை வாங்குங்கள். அடுத்து, உயிருக்குயிரான ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதன் எல்லாப் பதிப்புகளின் ஓடும் நேரத்தையும் ஒப்பிட்டு, எதில் எந்தக் காட்சி இருக்கிறது, எந்தப் பாடல் மாறியிருக்கிறது, எந்த மூலத்திலிருந்து எடுத்தார்கள் என்று தெரிந்துகொண்ட பின்பே டிஸ்க்கை வாங்குங்கள்.