கொழுந்துக் கணக்கில் பிளாஸ்க்: நீண்ட நாள் பாவித்த அனுபவம்

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கொழுந்துக் கணக்கைப் பிளாஸ்க்கில்தான் (பைதான் மொழியில் வெப் மென்பொருள் எழுதும் சட்டகம்) ஓட்டுகிறோம். அதன் ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்டை, அதாவது வந்து விழும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அது தனியாக வைத்திருக்கும் தகவலை, தாராளமாக நம்பலாம். ஆனால் அதைக் கோரிக்கை வந்து சேரும் வாசலோடு நிறுத்த வேண்டும், உள்ளே கணக்குப் போடும் இடம்வரை கொண்டுபோகக் கூடாது.

சோதனை பகல் நிறுவையில்தான். கொழுந்து நிறுக்கும் எல்லா மடுவங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் போன் வழியாகக் கிலோ வந்து விழும். பிளாஸ்க்கை ஓட்டும் சர்வர் மென்பொருளான குனிகார்னில் ஒரே புரோசஸுக்குள் பல திரெட்கள், அதாவது ஒரே நேரத்தில் நடக்கும் பல வேலை இழைகள். முன்பு ஓடிய மென்பொருளில், பதிகிறவர் யார் என்பது எல்லாத் திரெட்களும் பகிரும் ஒரு குளோபல் வேரியபிளில் இருந்தது. ஒரு திரெட் கீழ்ப்பிரிவுக் கணக்கப்பிள்ளையின் பெயரை அதில் எழுதிவிட்டு டேட்டாபேஸுக்குக் காத்திருக்கும். அதற்குள் இன்னொரு திரெட் மேற்பிரிவுக்காரரை அதன் மேலேயே எழுதிவிடும். கீழ்ப்பிரிவில் நிறுவை செய்த 18 கிலோ மேற்பிரிவில் பதிவாகும். நோமுக்கு (ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய அளவு) மேல் பறித்த கிலோவுக்குத் தனிக்காசு என்பதால், இது மழையில் நின்று பறித்தவரின் சம்பளத்திலேயே கை வைக்கிற பிழை. ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் ஓடவிடும் ஜிஐஎல் பூட்டு பைதானில் இருக்கிறதே என்பார்கள். டேட்டாபேஸுக்குக் காத்திருக்கும்போது அந்தப் பூட்டு அடுத்த திரெட்டுக்குப் போய்விடும், அது இங்கே உதவாது.

இப்போது யார், எந்தப் பிரிவு என்பதை ஒவ்வொரு ரிக்வெஸ்டின் தொடக்கத்திலும் பிளாஸ்க்கின் ‘ஜி’ (g) என்ற தற்காலிகப் பெட்டியில் வைக்கிறோம். பதில் போனதும் அது தானாகக் கழிந்துவிடும். பெயர் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் அதில் இருப்பது வேறு. அடியில் இதைப் பார்த்துக்கொள்வது பிளாஸ்க் நம்பியிருக்கும் வெர்க்சோய்க் என்ற நூலகம். 2021இல் வந்த அதன் 2.0 பதிப்பு, ஒவ்வொரு வேலைக்கும் அதன் மதிப்பைத் தனியாக வைக்கும், பைதான் 3.7இல் சேர்ந்த கான்டெக்ஸ்ட்வார்ஸுக்கு மாறியது. அதனால் ஒரே திரெட்டில் பல அசின்க் வேலைகள் (ஒன்று காத்திருக்கையில் அடுத்தது ஓடுபவை) மாறி மாறி ஓடினாலும் கலக்காது. இத்தனை காலத்தில் ஒரு பெயர்கூட மாறிப் பதிவாகவில்லை.

சரி, குறை எங்கே? தொழிலாளிக்கு எஸ்எம்எஸ் அனுப்பத் தனித் திரெட் திறந்தால் ‘ஜி’ அங்கே வராது, கான்டெக்ஸ்டுக்கு வெளியே நிற்கிறாய் என்று எரர் வரும். பிழையான பெயரோடு சத்தமில்லாமல் ஓடுவதைவிட அது எவ்வளவோ மேல். கான்டெக்ஸ்டைப் பிரதி எடுத்துக் கொடுக்கவும் பிளாஸ்க்கில் வழி உண்டு, எனக்கு அதில் விருப்பமில்லை. மாதக் கடைசியில் சம்பளம் போடும் ஸ்கிரிப்டுக்கு ரிக்வெஸ்டே கிடையாது. ஆகவே கணக்குப் போடும் ஃபங்ஷன்கள் எதுவும் ‘ஜி’யைத் தொடுவதில்லை, பிரிவும் திகதியும் ஆர்கியுமென்டாகவே போகின்றன.

அப்புறம், டேட்டாபேஸோடு பேசும் எஸ்கியூஎல்அல்கெமி நூலகத்தின் செஷனை (டேட்டாபேஸோடு நடக்கும் ஒரு பேச்சுவார்த்தை) திரெட்களுக்கு இடையே பகிரவே கூடாது. எஸ்எம்எஸ் திரெட்டுக்குத் தொழிலாளியின் ஐடியை மட்டும் கொடுங்கள், அது தன் செஷனைத் திறந்து படித்துக்கொள்ளும்.