துரு போகணும், நம்பர் நிக்கணும்: பழைய ராணுவ ஜீப்புக்கு வாங்கிய சாமான்கள், ஒரு விமர்சனம்

பழைய ராணுவ வண்டி வைத்திருப்பவர்களிடம் துருவுக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பாட்டிலைக் காட்டுவார்கள். பளபளவென்று வந்ததா என்பதுதான் அவர்கள் பேச்சு. எனக்கு அது இரண்டாம் பட்சம். துரு போக வேண்டும், அதற்கடியில் இரும்பில் அடித்திருக்கும் எழுத்தும் எண்ணும் அப்படியே நிற்க வேண்டும். அது அழிந்துவிட்டால் வண்டி எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று உறுதியாகச் சொல்ல வேறு நல்ல சாட்சி கிடையாது. இங்கே நான் போடுகிற மார்க் எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியின் ஃபவுண்டரியில் வார்ப்புகளைச் சுத்தம் செய்யும் பகுதியில் வேலை பார்க்கிறேன். துருவும் மணலும் எனக்குத் தினசரி சோறு. வண்டி கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் கொட்டகையில் கிடந்தது. விற்றவர் "ஒரிஜினல் மிலிட்டரி வில்லிஸ்" என்று சத்தியம் செய்தார். நாம் ஜீப் என்கிறோம், அமெரிக்க ராணுவத்தின் கணக்கில் இதன் பெயரே 'டிரக், கால் டன், 4×4'.

சாமான்களுக்குப் போகும் முன் எதைத் தேடினேன் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக 1941 முதல் 1945 வரை வில்லிஸ் கம்பெனி எம்.பி. என்ற மாடலில் மூன்றரை லட்சத்துக்கு மேல் செய்தது. அது போதாமல், அதே வரைபடத்தை வைத்து ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. என்ற பெயரில் இரண்டரை லட்சத்துக்கு மேல் செய்தது. ஒன்றின் பாகம் இன்னொன்றில் உட்கார வேண்டும் என்பதுதான் ராணுவத்தின் நிபந்தனை. அதனால் இத்தனை வருஷத்தில் இரண்டும் கலந்துபோய்க் கிடக்கின்றன. போதாக்குறைக்கு நம்மூரில் மஹிந்திரா பாகமும் சேரும், பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு பியூஜோ டீசல் ஏறும், பாடியை டின்கர் புதிதாக அடித்துக் கொடுப்பார். முன் கிரில்லில் ஒன்பது பிளவு இருந்தால் போர்க்கால ஜீப், ஏழு இருந்தால் பிறகு வந்த சிவிலியன் ஜீப் என்பார்கள். சரிதான், ஆனால் கிரில்லை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். வண்டி முழுவதையும் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸை அப்படி மாற்ற முடியாது.

உக்கடத்தில் ஒரு வயசான மெக்கானிக்கிடம் கேட்டேன். "ஏனுங்ணா, இது வில்லிஸா, ஃபோர்டா?"

"ரேடியேட்டருக்கு முன்னால கையை விட்டுத் தடவிப் பாரு கண்ணு. குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயா இருந்தா வில்லிஸ். கவுத்து வெச்ச காவாயாட்டம் இருந்தா ஃபோர்டு."

தடவினேன். காவாய்தான். விற்றவரின் சத்தியம் அங்கேயே முடிந்தது. அடுத்த சாட்சி எண். வில்லிஸ் என்றால் முன் பம்பருக்குப் பின்னால், இடது சட்டத்தின் உள்பக்கம் ஒரு சிறு தகட்டை ரிவிட் அடித்திருப்பார்கள். அந்தத் தகடு பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். ஃபோர்டு எண்ணை இடது சட்டத்தின் மேல்முகத்திலேயே, இன்ஜின் பக்கத்தில், நேராக இரும்பில் அடித்தது. என் வண்டியில் அந்த இடம் முழுக்க ஏடு ஏடாகத் துரு. ஒவ்வொரு சாமானுக்கும் பரீட்சை அங்கேதான்.

கிரைண்டரில் மாட்டும் வயர் கப் பிரஷுக்கு என் மார்க் பூஜ்யம். மேல் துரு பறக்கும், அடித்துரு மெருகேறி இரும்பு மாதிரியே மின்னும், பள்ளத்துக்குள் அப்பிக்கொள்ளும். கம்பி தெறித்துக் கண்ணுக்கும் ஆபத்து. எண் இருக்கும் இடத்தில் இதைக் காட்டவே கூடாது.

பெயின்ட் கடைகளில் கேன் கேனாக விற்கும் 'ரஸ்ட் ரிமூவர்' பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம் கலந்தது. துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிக் கருஞ்சாம்பலாக விட்டுவிடும். மெல்லிய துருவுக்கு நன்று, ஏடு கட்டிய துருவில் மேலாகவே நின்றுவிடுகிறது. தகடும் தகடும் சேரும் மடிப்புக்குள் இறங்கினால் கழுவி எடுப்பதும் கஷ்டம். சேஸிஸுக்கு என் மார்க் பத்துக்கு ஐந்து.

எனக்குக் கைகொடுத்தது சிட்ரிக் அமிலம். பலசரக்குக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கரைத்து, பஞ்சை நனைத்து, எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டி, மேலே பாலிதீன் கவர் சுற்றி டேப் போட்டுவிட வேண்டும். காய விடக் கூடாது. மறுநாள் பஞ்சை எடுத்து நைலான் பிரஷால் தேய்த்தால் கறுப்புச் சேறாகக் கழன்று வரும். திரும்ப ஒரு பஞ்சு. அவசரப்பட்டு உளியால் தட்டாதீர்கள். முதலில் 'ஜி' தெரிந்தது, அப்புறம் 'டபிள்யூ', அதன் பின் எண்கள். டார்ச்சைப் படுக்கை வசத்தில் அடித்தால் பாதி தேய்ந்த எண்ணும் நிழலில் படிக்க வரும். முடிந்ததும் சோடா உப்புக் கரைசலால் கழுவி, துடைத்து, உடனே எண்ணெய் பூசுங்கள். ரொம்ப நேரம் ஊறினால் நல்ல இரும்பையும் அரிக்கும், அது ஒன்றுதான் குறை. பத்துக்கு ஒன்பது தருகிறேன்.

போல்ட், கீல், பிராக்கெட் மாதிரிச் சின்னச் சாமான்களுக்கு மின்சாரத் தொட்டிதான் ராஜா. ஃபோர்டு தன் போல்ட் தலையில்கூட 'எஃப்' என்று அடித்து வைத்த கம்பெனி. பல பாகங்களில் அந்த எழுத்து உண்டு. துருப்பிடித்தது என்று போல்ட்டைக் கட்டிங் வீலால் அறுத்து, கடையில் புதுசு வாங்கிப் போடுவது சரித்திரத்தைப் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போடுவதுதான். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், பத்து லிட்டருக்கு மூன்று மேசைக்கரண்டி சலவை சோடா. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பைத் துருப்பிடித்த சாமானில் மாட்டுங்கள், பாசிட்டிவை வேண்டாத கட்டடக் கம்பியில். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. நுரை பொங்கும், துரு இளகும், நல்ல இரும்பு ஒரு பொடிகூடக் குறையாது. எழுத்தின் விளிம்பு அடித்தபோது இருந்த கூர்மையோடு நிற்கும்.

இங்கே சார்ஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது விற்கும் 'ஸ்மார்ட்' சார்ஜர்கள் எதிரில் பேட்டரி இல்லை என்று கண்டால் வேலையே செய்யாது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த, தூக்கினால் கை வலிக்கும் பழைய மாதிரியைக் கேட்டு வாங்குங்கள். நான் வாங்கிய பேட்டரி கடையில் 'இதெல்லாம் யாருங்க வாங்கறாங்க' என்று சிரித்துக்கொண்டே பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடாதீர்கள். அதிலிருக்கும் குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். பொங்குவது ஹைட்ரஜன் வாயு, ஆகவே மூடிய அறை வேண்டாம், பக்கத்தில் பீடியும் வேண்டாம். ஸ்பிரிங் பட்டைகளை இதில் போடக் கூடாது, ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை வந்துவிடும். அலுமினியத்தைச் சோடா தின்றுவிடும்.

சேஸிஸ் முழுவதும் டிரம்மில் அடங்காது. அதற்கு, மணலைக் காற்றழுத்தத்தில் பீச்சியடித்துத் துரு எடுக்கும் பிளாஸ்டிங் பட்டறைதான். பட்டறையை எடை போட நான் இரண்டு கேள்வி கேட்பேன். முதலாவது, என்ன மணல்? ஆற்று மணல் என்றால் திரும்பி வந்துவிடுவேன். அதன் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ், என் துறையில் அதைப் பார்த்திருக்கிறேன். கார்னெட் என்ற கனிமத் துகள் என்றால் உட்கார்ந்து பேசலாம். இரண்டாவது, பானெட்டை எப்படி அடிப்பீர்கள்? ஒரு பட்டறையில் என் நண்பரின் பானெட்டைச் சேஸிஸுக்கு வைத்த அதே அழுத்தத்தில் அடித்து அப்பளமாக்கிக் கொடுத்தார்கள். சூட்டில் வளைந்தது என்று சமாளித்தார்களாம். சூடு காரணமே இல்லை. மணலடியில் ஒரு பக்கத்துத் தோல் மட்டும் விரிவதால்தான் தகடு வளைகிறது. நான் போன இடத்தில் கேட்காமலே 'தகட்டுச் சாமானைக் கொண்டுவராதீங்ணா' என்றார்கள், அதற்கே பாதி மார்க். எண் இருக்கும் இடத்தில் ரப்பர் ஷீட் ஒட்டிக்கொண்டு போனேன். கூடவே நின்று பார்த்தேன். மழைக்காலம் என்பதால் அன்று சாயங்காலத்துக்குள் துரு திரும்பாமலிருக்க எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்கவும் அவர்களே ஒத்துக்கொண்டார்கள். பத்துக்கு எட்டு. சொன்ன தேதிக்கு வேலை முடியவில்லை, அதற்குத்தான் இரண்டு குறைத்தேன்.

எந்த மருந்தும் வேலை செய்யாத இடம் தரைத் தகடு. ஒரிஜினல் பாடியில் தரைக்கு அடியில் தொப்பி வடிவச் சட்டங்களுக்குள் மரக்கட்டையைத் திணித்திருப்பார்கள். கட்டை ஈரம் குடித்து இரும்பை உள்ளிருந்தே தின்றிருக்கும். டிரைவர் சீட்டுக்கடியில் பெட்ரோல் டேங்க் உட்காரும் பள்ளமும் அப்படித்தான். அறுத்து வெல்டிங் வைப்பதைத் தவிர வழியில்லை.

இனி ஆர்.டி.ஓ. என் ஆர்.சி. புக்கில் வில்லிஸ், சேஸிஸில் ஜி.பி.டபிள்யூ. 2021 விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ.' வரும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஆகவே என் வண்டியில் ஏறியிருந்த பியூஜோ டீசலை இறக்கிவிட்டு, அதற்குரிய பழைய 60 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின் தேடிக்கொண்டிருக்கிறேன். பச்சை பெயின்டையும் வாங்கிவிடாதீர்கள். மோட்டார் வாகன விதி 121 ஆலிவ் பச்சையை ராணுவத்துக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. நான் சாம்பல் நிறம் எடுத்திருக்கிறேன். அமெரிக்கக் கடற்படையில் ஜீப்புகள் அந்த நிறத்தில் ஓடியிருக்கின்றன.