மணலா, மலையா?

பிரிட்டனிலிருந்து சிட்னியில் குடியேறியவர்களுக்குக் கிறிஸ்துமஸ் கொண்டாட இரண்டு வழி.

ஒன்று, டிசம்பர் 25 அன்றே படகேறி மேன்லி கடற்கரைக்குப் போவது. கொளுத்தும் வெயில், நீச்சல் உடை, தலையில் சிவப்புக் குல்லாய், தட்டில் குளிர்ந்த இறால். அந்த இறாலுக்காகவே சிட்னி மீன் சந்தை பண்டிகைக்கு முன் 36 மணி நேரம் தொடர்ந்து திறந்திருக்கும். கோடையில் வான்கோழியை அடுப்பில் வைத்து வீட்டையே உலையாக்குவதற்கு இது எவ்வளவோ மேல்.

மற்றது, ஜூலையில் சிட்னிக்கு மேற்கே உள்ள புளூ மவுண்டன்ஸ் மலைப்பகுதிக்கு ரயிலேறுவது. அங்கே அப்போது குளிர்காலம்; பிரிட்டனில் போலவே குளிரில் கிறிஸ்துமஸ் கொண்டாடலாம். அங்குள்ள கட்டூம்பா ஊரின் விடுதிகளில் கணப்பு எரியும். வறுத்த இறைச்சியும் சூடான புட்டிங்கும் வரும். பனி மட்டும் பெரும்பாலும் ஏமாற்றிவிடும்.

சாப்பாட்டுக்கு மலைதான். ஆனால் அம்மா தொலைபேசியில் வாழ்த்துச் சொல்வது டிசம்பரில் அல்லவா? என் ஓட்டு இறாலுக்கே.