நிலாவெளி வீதியில் கரண்ட் சைக்கிள்: மோட்டரும் பற்றரியும்

சைக்கிளுக்கு மோட்டர் பூட்ட யோசிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ‘எத்தனை வற் போடலாம்?’ என்றுதான். பற்றரி பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும், அதுவும் விலை மட்டும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டுக்குக் கியூ.ஆர் கோட் வந்து மோட்டர் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்றிருந்த நேரம், நிலாவெளியிலிருந்து திருகோணமலை நகரத்துக்கு வேலைக்குப் போய்வர என்னுடைய கியர் சைக்கிளை மாற்றினேன். இன்றைக்கும் அதில்தான் போய்வருகிறேன். இவ்வளவு காலம் ஓடியதில் சொல்கிறேன்: மோட்டர் சாதாரணமானது போதும், காசைப் பற்றரியில் போடுங்கள்.

மோட்டரில் அடித்திருக்கும் வற்றைப் பார்த்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது. ஏற்றத்தில் எவ்வளவு இழுக்கும் என்பது பெரும்பாலும் கொன்ரோலர், அதாவது பற்றரியிலிருந்து மோட்டருக்குக் கரண்டை அளந்து விடும் பெட்டி, எத்தனை அம்பியர் விடுகிறது என்பதில் இருக்கிறது. 36 வோல்ற்றில் 15 அம்பியர் கொன்ரோலர் என்றால் பற்றரியிலிருந்து 540 வற் வரை எடுக்கும், மோட்டரில் 250 என்று போட்டிருந்தாலும் சரி, 350 என்று போட்டிருந்தாலும் சரி. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 15 கிலோமீற்றரில் போக, ஏறுவதற்கு மட்டுமே 330 வற் அளவில் வேண்டும். கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போதும், உவர்மலைக்கு ஏறும்போதும் கொஞ்சம் மிதித்துக் கொடுத்தால் என்னுடைய 350 வற் மோட்டர் தாராளமாக இழுக்கிறது. மிச்சப் பாதை முழுக்கச் சமதரை. இதற்கு 1000 வற் தேவையே இல்லை.

நான் போட்டது உள்ளே பல்சக்கரம் உள்ள சக்கர மோட்டர். மூன்று கிலோ அளவுதான் பாரம். உள்ளே மோட்டர் வேகமாகச் சுற்ற, பல்சக்கரம் அதைக் குறைத்துச் சக்கரத்துக்கு இழுவையாகக் கொடுக்கும். பற்றரி முடிந்தாலும் சும்மா சைக்கிள்போல மிதித்து வரலாம். அத்தான் வாங்கியது பல்சக்கரம் இல்லாத பெரிய மோட்டர். சத்தமே இல்லை, தேய உள்ளே ஒன்றுமில்லை, நீண்ட காலம் உழைக்கும். ஆனால் பாரம் இரண்டு மடங்கு, கரண்ட் இல்லாமல் மிதித்தால் காந்தம் பிடித்து இழுக்கும், ஏற்றத்தில் மெதுவாகப் போனால் சூடாகிவிடும்.

பின் சக்கரமா, முன் சக்கரமா? எங்கள் பக்கத்து ஒழுங்கைகள் மணல். முன் சக்கரத்தில் மோட்டர் இருந்தால் மணலில் சில்லு அந்த இடத்திலேயே சுழலும், ஹாண்டிலும் இழுபடும். அதனால் பின்னுக்குத்தான் போட்டேன். பழைய கம்பி பிரேக் சைக்கிள்களில் பின்பக்கம் ஒடுக்கம், அகலமான மோட்டர் உள்ளே போகாது. அதற்கு முன் சக்கரம்தான் வழி. ஃபோர்க் மட்டும் கட்டாயம் இரும்பாக இருக்க வேண்டும். சக்கரம் கட்டித் தந்த சைக்கிள் கடை அண்ணையும் அதையே சொன்னார்: “அலுமினியத்தில மட்டும் போடாதீங்க தம்பி, அது வளையாது, ஒரேயடியா முறியும்.” எந்தச் சக்கரமானாலும் அச்சைச் சுழலவிடாமல் பிடிக்கும் இரும்புப் பட்டையைப் பூட்டாமல் ஓடவே கூடாது. அச்சு சுழன்றால் வயரையும் முறுக்கி அறுத்துவிடும்.

இனிப் பற்றரி. போய்வர 30 கிலோமீற்றர். மிதித்துக்கொண்டு போனால் கிலோமீற்றருக்கு 12 வற்-மணி அளவில் எனக்கு முடிகிறது, ஆக 360 வற்-மணி. கச்சான் பலமாக அடிக்கிற மாதங்களில் இன்னும் கூடும். அத்தான் 12 வோல்ற், 12 அம்பியர்-மணி ஈயப் பற்றரி மூன்றைத் தொடராகப் போட்டார். காகிதத்தில் 432 வற்-மணி. ஆனால் அந்த 12 என்பது பொதுவாக 20 மணித்தியாலத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. சைக்கிள் இழுக்கிற இழுவைக்கு அது கிடைக்காது, பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுளும் போய்விடும். பன்னிரண்டு கிலோவைச் சுமந்தும் 18 கிலோமீற்றர்தான் நிம்மதியான தூரம். ஒரு வருடத்துக்குள் அதுவும் பாதியானது.

லிதியத்தில் இரண்டு வகை உண்டு. சாதாரண லிதியம் அயன் செல் 3.6 வோல்ற், பத்துச் செல் தொடர், முழுச் சார்ஜ் 42 வோல்ற். இன்னொன்று லிதியம் அயர்ன் பொஸ்பேற், செல் 3.2 வோல்ற், பன்னிரண்டு செல் தொடர், முழுச் சார்ஜ் 43.8 வோல்ற். என்னுடைய 36 வோல்ற் கொன்ரோலருக்கு இரண்டுமே பொருந்தும். பின்னையது பாரம் கூட, இடமும் கூட. ஆனாலும் சூட்டைத் தாங்கும், இலகுவில் தீப்பிடிக்காது, ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் தாங்கும். தகரக் கூரைக்குக் கீழே சைக்கிள் நிறுத்துகிற நம்முடைய ஊருக்கு இதுதான் சரி என்று நினைத்து 15 அம்பியர்-மணியில் எடுத்தேன், 576 வற்-மணி. வீடு வந்து சேரும்போது மூன்றிலொன்று மிஞ்சியிருக்கும். வீட்டுக் கரண்டில் ஒரு நாளைக்கு அரை யூனிற் அளவுதான் போகிறது.

இதில் பழகிக்கொள்ள வேண்டியது ஒன்று. வோல்ற் கடைசிவரை அப்படியே நிற்கும், பிறகு சடாரென்று விழும். டிஸ்பிளேயில் உள்ள கோடுகளை நம்பாமல் ஓடிய தூரத்தைப் பாருங்கள். சார்ஜரும் அந்த வகைக்கே உரியதாக இருக்க வேண்டும், 42 வோல்ற் சார்ஜரை இதற்குப் போட்டால் 43.8 வரை ஏறாது. 43.8ஐ மற்றதற்குப் போடுவது ஆபத்து. பழைய லப்டொப் செல்லைக் கழற்றிக் கட்டித் தருகிறேன் என்பவர்களிடம் வாங்கவே வேண்டாம், ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு நிலையில் இருக்கும். பற்றரிக்குக் கிட்ட ஒரு பியூஸ் கட்டாயம்.

உப்புக்காற்றின் வேலையை முதல் மாரி முடிந்து இணைப்புகளைக் கழற்றியபோது கண்ணால் பார்த்தேன். கொன்ரோலர் பக்கத்துச் சிறிய பிளக்கில், மோட்டரின் சென்சர் வயர் ஐந்திலும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஒரு ஊசிமுனை விரல் பட்டதுமே உதிர்ந்தது. அந்தப் பிளக்கை வெட்டி எறிந்து, ஈயம் ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். மற்ற முனைகளுக்கு வசிலீன் பூசுகிறேன். வயர் மோட்டருக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு விட்டால் மழைநீர் அதில் சொட்டிவிடும், உள்ளே போகாது. சைக்கிளை ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும், பைப் அடித்துக் கழுவக் கூடாது.

போன மாரிக்கு முன் மோட்டரைத் திறந்தேன். நைலோன் பற்கள் கூர் குறையாமல் இருந்தன, கிறீஸ் மட்டும் கறுத்துப் போயிருந்தது. துடைத்துப் புதிதாக வைத்தேன். அச்சுப் பெயாரிங் ஒன்றில் துருவின் கரகரப்பு, அதை மட்டும் மாற்றினேன். பற்றரி இன்னும் பழைய தூரத்தையே தருகிறது. கிற் வாங்கப் போகிறவர்கள் கடையில் இந்த மூன்றையும் கேளுங்கள்: கொன்ரோலர் எத்தனை அம்பியர், செல் எந்த வகை, பீ.எம்.எஸ் (பற்றரிக்குள் இருந்து செல்களைப் பாதுகாக்கும் சர்கியூட்) தொடர்ந்து எத்தனை அம்பியர் விடும். கடைசி எண் முதல் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அந்தப் பற்றரியை எடுக்க வேண்டாம், ஏற்றத்தின் நடுவில் கரண்டை வெட்டிவிடும்.