450 யென் கிண்ணமும் கரண்டி பிடிக்கும் கையும்

2025 செப்டம்பரில் ஜப்பானின் சங்கிலி உணவகமான சுகியா, சோற்றின்மேல் மாட்டிறைச்சியும் வெங்காயமும் வைத்துத் தரும் கிண்ணமான கியூடோனின் சாதாரண அளவு விலையை 480 யென்னிலிருந்து 450 யென்னாகக் குறைத்தது. அதைப் படித்த நண்பர் ஒருவர், வேலை நிமித்தம் டோக்கியோவுக்குக் குடிவரவிருப்பவர், என்னிடம் இப்படிக் கேட்டார்: "எல்லாக் கடையிலும் அதே இறைச்சி, அதே வெங்காயம், அதே சோறு. பிறகு விலை குறைந்த கடையிலேயே சாப்பிட்டால் என்ன?" பல ஆண்டுகளாக இந்தக் கடைகளில் சாப்பிட்டு வருபவன் என்ற முறையில், ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னைப் பொறுத்தவரை கியூடோனின் தரத்தைத் தீர்மானிப்பது அதன் சாறுதான். மெல்லிய இறைச்சித் துண்டுகளும் வெங்காயமும் சோயா சாஸ் கலந்த இனிப்பான சாற்றில் வெந்துகொண்டிருக்க, பணியாளர் துளையிட்ட கரண்டியால் ஒரே அள்ளில் எடுத்து, ஒரு கணம் சாய்த்து, வேண்டாத சாற்றை வடியவிட்டுச் சோற்றின்மேல் பரப்ப வேண்டும். சுகியாவின் போட்டிச் சங்கிலியான யோஷினோயாவின் கரண்டியில் 47 துளைகள் உண்டு. எந்தத் தராசும் இல்லாமல் சரியான எடையில் அள்ளப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள், அதற்கென்று நாடளவில் போட்டியும் நடத்துகிறார்கள். அந்தக் கை பழகிய கையாக இருந்தால், மேல்சோறு நனைந்து, அடிச்சோறு வெள்ளையாகவே இருக்கும். கடைசி வாயில் சிவப்பு இஞ்சி ஊறுகாயைச் சேர்த்தால் அந்த வெள்ளைச் சோறு தனிச் சுவை தரும். பழகாத கையாக இருந்தால் கிண்ணத்தின் அடியில் சாறு குளம்போல் தேங்கி, சோறு கஞ்சியாகிவிடும். என் வீட்டருகே உள்ள ஒரு கிளையில், அது எந்த நிறுவனத்துடையது என்பது இங்கு முக்கியமில்லை, இரவு பத்து மணிக்குமேல் போனால் பெரும்பாலும் இந்தக் கஞ்சிதான் கிடைக்கிறது. ஒரே ஆள் பாத்திரம் கழுவி, கல்லாவைப் பார்த்து, பார்சல் கட்டி, அதற்கு நடுவே கரண்டியையும் பிடிக்க வேண்டியிருக்கும்போது, சாற்றை வடியவிட அவருக்கு எங்கே நேரம்? அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஒரு ஆளை மட்டும் நிறுத்திவிட்டுக் கடையைத் திறந்து வைத்திருப்பவர்கள்மேல்தான் இத்தனை ஆண்டுகளாக எனக்கு எரிச்சல்.

இந்தத் தொழிலின் வரலாறே இந்த எரிச்சலுக்குச் சாட்சி. யோஷினோயா 1899-இல் டோக்கியோவின் நிஹோன்பாஷி மீன் சந்தையில் தொடங்கி, 1923 நிலநடுக்கத்துக்குப் பின் சந்தையோடு சேர்ந்து ட்சுகிஜிக்கு இடம் மாறிய சிறு கடை. நிறுவனரின் மகன் மட்சுதா மிசுஹோ, பதினைந்து இருக்கைகள் மட்டுமே கொண்ட அந்தக் கடையில் ஆண்டுக்குப் பத்துக் கோடி யென் விற்பனையை எட்ட நினைத்தார். அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடும் மீன் வியாபாரிகளுக்கு வேண்டியது இறைச்சிதான் என்பதை உணர்ந்து, கிண்ணத்தில் இறைச்சியையும் வெங்காயத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினார். இன்று நாம் சாப்பிடும் கிண்ணம் அங்கே உருவானதுதான். 1968-இல் ஷிம்பாஷியில் இரண்டாவது கடையைத் திறந்த அதே நிறுவனம் 1978-க்குள் இருநூறு கடைகளாகப் பெருகியது. அந்த வேகத்துக்கு இறைச்சியும் சாறும் ஈடுகொடுக்கவில்லை. இறைச்சி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் உறைய வைத்து உலர்த்திய இறைச்சியைச் சேர்த்தார்கள், சாற்றைப் பொடியாக்கினார்கள், போதாக்குறைக்கு விலையையும் ஏற்றினார்கள். வாடிக்கையாளர்கள் விலகினார்கள், 1980-இல் நிறுவனம் நொடித்து நீதிமன்றத்தை நாடியது. சாறு கெட்டால் மற்றதெல்லாம் கெடும் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை.

அந்த அடியிலிருந்து மீண்ட நிறுவனம் பின்னர் செய்த ஒரு காரியத்துக்காக அதன்மேல் எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. 2003 டிசம்பரில் அமெரிக்காவில் 'மேட் கவ்' எனப்படும் மாட்டு மூளை நோய் கண்டறியப்பட்டு இறக்குமதி நின்றபோது, மற்றவர்கள் சில மாதங்களில் வேறு நாட்டு இறைச்சியைக் கொண்டு விற்பனையைத் தொடங்கிவிட்டார்கள். யோஷினோயாவோ, தன் சாற்றுக்குப் பொருந்துவது தானியம் தின்று வளர்ந்த அமெரிக்க மாட்டின் கொழுப்போடிய வயிற்றுப்பகுதி இறைச்சிதான் என்று சொல்லி, ஓரிரு விதிவிலக்கான கடைகள் நீங்கலாக, 2004 பிப்ரவரி முதல் 2006 செப்டம்பர் வரை கியூடோனையே விற்காமல் இருந்தது. பேர்வாங்கித் தந்த ஒரே பண்டத்தை இரண்டரை ஆண்டுகள் நிறுத்திவிட்டு, பன்றியிறைச்சிக் கிண்ணத்தை வைத்துக் காலம் தள்ள எத்தனை நிறுவனங்களுக்குத் துணிவு வரும்?

சுகியாவை நிறுவிய ஒகாவா கென்டாரோ அந்த யோஷினோயாவில் வேலை பார்த்து, அதன் வீழ்ச்சிக்குப் பின் வெளியேறியவர். 1982-இல் யோகோஹாமாவில் தொடங்கிய அவருடைய நிறுவனம் புறநகர்ச் சாலையோரங்களைப் பிடித்தது. தனியாக வரும் ஆண்களுக்கான நீள்மேசையோடு நின்றுவிடாமல், குடும்பம் உட்கார மேசைகள் போட்டது. சீஸ், வெங்காயத்தாள், முட்டை என்று மேலே தூவ வகைகள் வைத்தது. குழந்தைகளுக்கு ஏற்ற சிறிய அளவும் தந்தது. 2008-இல் கடைகளின் எண்ணிக்கையில் யோஷினோயாவையே முந்தியது. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு இதைவிட வசதியான இடத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வளர்ச்சிக்கு விலை கொடுத்தவர்கள் நள்ளிரவில் தனியாக நின்ற பணியாளர்கள். 2014-இல் அவர்கள் கூட்டமாக வேலையை விட்டு நின்றபோது கடைகள் மூடிக் கிடந்தன. விசாரணைக் குழு தொடர்ச்சியான 24 மணி நேர வேலையைப் பற்றியெல்லாம் எழுதியது. அந்த ஆண்டு அக்டோபரில் தனியாள் இரவு வேலையைக் கைவிட்டபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளில் நள்ளிரவு விற்பனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. அதாவது, அதுவரை அத்தனை கடைகளும் ஒற்றை ஆளின் முதுகில் ஓடியிருக்கின்றன.

இன்னொரு கியூடோன் சங்கிலியான மட்சுயாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டோக்கன் இயந்திரத்தில் காசு போட்டுக் கிண்ணம் வாங்கினால், கூடவே மிசோ என்ற சோயா விழுதில் செய்த சூப் இலவசமாக வரும். அவசரத்துக்கு மிக நல்லது.

ஆகவே விலைக்குறைப்புச் செய்தி எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. 2001 ஏப்ரலில் யோஷினோயா 250 யென் சலுகை அறிவித்தபோது கூட்டம் தாங்காமல் இறைச்சி தீர்ந்து கடைகளை மூட நேர்ந்தது. ஆனாலும் அதே ஆண்டு 400 யென் கிண்ணத்தை 280 யென்னுக்கு இறக்கி விலைப்போரில் இறங்கியது. அப்படிப்பட்ட போர்களில் அரிசியிலோ இறைச்சியிலோ பெரிதாகக் கை வைக்க முடியாது, வாடிக்கையாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார். குறைக்க எளிதானது ஆட்களின் எண்ணிக்கைதான். அது நடந்தால் முதலில் தெரியும் இடம், சாற்றில் மிதக்கும் என் இரவுச் சோறு.

நண்பரே, மேலே நான் எழுதியதைக் கூட்டிக் கழித்தால், வசதி, வகை, விலை என்று எல்லாவற்றிலும் சுகியாவே முன்னால் நிற்கிறது. எங்கள் வீட்டில் குழந்தையோடு போவதும் அங்கேதான். இருந்தாலும் நீங்கள் முதல் கிண்ணத்தை அங்கே சாப்பிடாதீர்கள். மதிய வேளையில், இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் யோஷினோயா கடை ஒன்றில், கரண்டி பிடிப்பவரின் கை தெரியும்படி நீள்மேசையில் உட்கார்ந்து, கூடுதலாகச் சில பத்து யென் கொடுத்துச் சாப்பிடுங்கள். சாறு கூடுதலாக வேண்டும் என்று மட்டும் முதல் நாளே கேட்டுவிடாதீர்கள்.